முதல் அனிமே நெடுந்தொடரா, தனிப்படமா? தனிப்படமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

அனிமேவுக்கு, அதாவது ஜப்பானிய அனிமேஷனுக்கு, புதிதாக வருபவர் நெடுந்தொடரில் தொடங்குவதா, தனிப்படத்தில் தொடங்குவதா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் வந்தார், "ஒன் பீஸில் தொடங்குங்கள், அதுதான் அனிமே" என்றார், ஜம்மென்று போய் உட்கார்ந்துவிட்டார். ஐயா, அந்தத் தொடர் 1999 அக்டோபரில் ஆரம்பித்தது. 1,100 எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. ஒன்றுக்கு 24 நிமிடம் என்றே வையுங்கள், 440 மணி நேரம். சோறு தண்ணி தூக்கம் இல்லாமல் பார்த்தால் பதினெட்டு நாள். பாரதப் போரையே பதினெட்டு நாளில் முடித்துவிட்டார்கள், நடுவர் அவர்களே! ஒன் பீஸ் நாயகன் லூஃபி இன்னும் புதையலைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

"சரி, நருட்டோ பார்க்கட்டும், 220 எபிசோடுதானே" என்றார் அடுத்து வந்தவர். அதில் 136-லிருந்து 219 வரை கிட்டத்தட்ட எல்லாமே ஃபில்லர். வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த மூலக்கதையான மங்காவை (ஜப்பானியப் படக்கதை) டிவி தொடர் எட்டிப் பிடித்துவிட்டது. மங்கா முன்னே நகரும்வரை ஒப்பேற்ற இட்டுக்கட்டிய கதைகள் அவை. எதைத் தாண்டிப் போகலாம் என்று பழைய ரசிகருக்குத் தெரியும். புது ஆளுக்கு? 'இவர்கள் இப்படித்தான் இழுப்பார்கள் போல' என்று கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்.

எங்கள் அணி கையில் கொடுப்பது 1988-இல் மியாசாகி இயக்கிய 'மை நெய்பர் டோட்டோரோ'. 86 நிமிடம், வில்லனே கிடையாது. மழை பெய்யும் இரவு. பேருந்து நிறுத்தத்தில் அப்பாவுக்காகக் காத்து நிற்கிறாள் சட்சுகி. முதுகில் தங்கை தூங்குகிறாள். பக்கத்தில் மலைபோல டோட்டோரோ என்ற காட்டுப் பூதம் வந்து நிற்கிறது, தலையில் ஒரே ஒரு இலை. அப்பாவுக்குக் கொண்டுவந்த குடையை அதனிடம் நீட்டுகிறாள். குடைமேல் சொட்டும் துளிச் சத்தம் அதற்குப் பிடித்துப்போகிறது. ஒரே குதி! மரத்தில் இருந்த நீரெல்லாம் தடதடவென்று கொட்டுகிறது. இதை ரசிக்க முன்கதை ஏதாவது வேண்டுமா?

"அது குழந்தைப் படம்" என்று எதிரணியில் முணுமுணுப்பு கேட்கிறது. டோட்டோரோவை எடுத்த அதே கிப்லி ஸ்டுடியோ, அதே நாளில், அதோடு சேர்த்து வெளியிட்ட படம் தகாஹாட்டா இயக்கிய 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்'. 1945, கோபே நகரம், குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும். மிட்டாய் தீர்ந்த தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தங்கைக்குக் குடிக்கக் கொடுக்கிறான் அண்ணன். இதையும் குழந்தைப் படம் என்பீர்களா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எல்லாப் படமும் தனிப்படம் அல்ல. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்' தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கு வந்தது. தமிழில் வந்தது சந்தோஷம்தான். ஆனால் தொடரைப் பார்க்காதவருக்கு அதில் யார் எவர் என்றே விளங்காது. படமாக வந்தாலும் அது நெடுந்தொடரின் வாலே தவிர வேறில்லை. ஆகவே அந்தக் கஷ்டம் எதிரணிக் கணக்கில்தான் சேரும்.

வருடக்கணக்கில் கதாபாத்திரங்களோடு வாழும் சுகம் என்றார்கள். உண்மைதான், ஆசை பிடித்தவருக்கு அது சுகம். முதலில் ஆசை பிடிக்கட்டும். இரண்டு படம் பார்க்கட்டும், அப்புறம் 26 எபிசோடில் முடியும் 'கௌபாய் பீபாப்' பார்க்கட்டும். அதற்கு மேலும் தாங்குகிறவர்களை நாங்களே எதிரணித் தலைவர் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறோம். பதினெட்டு நாளைக்குச் சாப்பாடு அவர் செலவு.