இந்த ஜெர்மன் ரைஃபிளில் 'எஸ்' முத்திரை இருந்தால் இன்றைய தோட்டாவைச் சுடுவது பாதுகாப்பா? பாதிப் பேர் நம்புவது தப்பு!

(திரையில்: பழைய ரைஃபிளின் ரிசீவர், அதாவது குழலும் போல்ட்டும் பொருந்தும் உடற்பகுதி, மிக அருகில்)

மேலே ஒரு கிரீடம். கீழே ஸ்பான்டாவ் என்ற ஊர்ப்பெயர். அதற்கும் கீழே 1891. பக்கத்தில் ஒரு 'இசட்', ஒரு 'எஸ்'. கொஞ்சம் தள்ளி, துருக்கி ராணுவத் தொழிற்சாலையின் முத்திரையும் 1930-களின் ஒரு வருடமும். ஒரே துப்பாக்கிதான், ஆனால் இரண்டு ராணுவங்களில் வேலை பார்த்திருக்கிறது. நடுவில் இதன் ரகமே ஒரு பெரிய சதி வதந்தியிலும் மாட்டியிருக்கிறது!

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நாம் பார்க்கப்போவது கெவேர் 88. சேகரிப்பாளர்கள் செல்லமாகக் 'கமிஷன் ரைஃபிள்' என்பார்கள்.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். 1886-இல் பிரான்ஸ் புகையில்லா வெடிமருந்தில் சுடும் லெபெல் ரைஃபிளைக் கொண்டுவந்தது. ஜெர்மனி பதறியது. ராணுவம் ஒரு குழுவை, அதாவது கமிஷனை, உட்காரவைத்தது. 1888-இல் ரைஃபிள் தயார். அவ்வளவுதான்.

(திரையில்: ரைஃபிளின் அடிப்பக்கம், மேகசினின், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியின் ஓட்டை)

குழு போட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? மேகசின் யோசனையை ஆஸ்திரியத் துப்பாக்கி வடிவமைப்பாளர் மன்லிகரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள், முறையாகக் கேட்காமலே. காப்புரிமைச் சண்டை வந்தது. கடைசியில் மன்லிகரின் துப்பாக்கிகளைச் செய்துவந்த ஸ்டெயர் நிறுவனமும் இதே ரைஃபிளைத் தயாரித்து விற்கலாம் என்று சமாதானம் ஆனது. நாட்டின் மிகப் பெரிய துப்பாக்கி மூளையான பால் மவுசரை மட்டும் யாரும் கூப்பிடவே இல்லை!

இப்போது அந்த ஓட்டைக்கு வாருங்கள். ஐந்து தோட்டாக்களை ஓர் இரும்புக் கிளிப்போடு சேர்த்தே உள்ளே தள்ள வேண்டும். கடைசித் தோட்டா மேலே ஏறியதும் வெறும் கிளிப் அந்த ஓட்டை வழியாகக் கீழே விழும். அழகான யோசனைதான். ஆனால் கிளிப் வெளியே வரும் வழியில் சேறு உள்ளே போகாதா? போனது. குழலைச் சுற்றி மெல்லிய இரும்புச் சட்டை வேறு. சூடு கையைச் சுடாமல் இருக்கட்டும் என்று போட்டது. இடுக்கில் தண்ணீர் இறங்கி, உள்ளுக்குள்ளேயே துருப் பிடித்தது.

எனக்கு இந்தத் துப்பாக்கியைப் பிடிக்கக் காரணமே இதுதான். குறையில்லாத துப்பாக்கியில் படிக்க என்ன இருக்கிறது? இதில் ஒவ்வொரு குறையைச் சரிசெய்தபோதும் ஒரு முத்திரை விழுந்திருக்கிறது.

முதலில் 'இசட்'. குழலுக்குள் சுருள் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்கள் போதாது என்று 1896-இல் அவற்றின் ஆழத்தை 0.10 மில்லிமீட்டரிலிருந்து 0.15 ஆக்கினார்கள். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு வித்தியாசம், அதற்கு ஓர் எழுத்து!

அடுத்து 'எஸ்'. தயவுசெய்து இங்கே வீடியோவைத் தள்ளிவிடாதீர்கள். பழைய குண்டின் விட்டம் ஏறக்குறைய 8.08 மில்லிமீட்டர். 1900-களின் தொடக்கத்தில் வந்த கூர்முனைக் குண்டு ஏறக்குறைய 8.2. புதிய தோட்டா உள்ளே உட்கார வேண்டும் என்று குழலின் பின்முனையில் தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் அறையின் கழுத்தை அகலப்படுத்தி 'எஸ்' என்று குத்தினார்கள். அறையை அகலப்படுத்தினார்கள், குழலை மாற்றவில்லை! 'எஸ் இருக்கிறது, இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுடலாம்' என்று நினைப்பவர் தன் முகத்துக்கு முன்னால் ஒரு பரிசோதனை நடத்துகிறார். விவரமான சேகரிப்பாளர் குழலின் உள்விட்டத்தை அளந்து பார்ப்பார். நான் அவரிடம், சுடவே வேண்டாம், சுவரில் மாட்டுங்கள் என்பேன்.

பிறகு 88/05 என்ற மாற்றியமைத்த வடிவம் வந்தது. கிளிப்பை உள்ளே தள்ளாமல், தோட்டாக்களை மட்டும் ஓர் உலோகப் பட்டையிலிருந்து அழுத்தி நிரப்பும் வழி. அந்த ஓட்டையையும் தகடு வைத்து மூடிவிட்டார்கள். நிம்மதி.

(திரையில்: 1890-களின் பெர்லின்)

இனி அந்த வதந்தி. பெர்லினின் லுட்விக் லோவே நிறுவனம் இந்த ரைஃபிளில் 4,25,000 தயாரிக்க ஆர்டர் பெற்றிருந்தது. உரிமையாளர்கள் யூதர்கள். 1892-இல் ஹெர்மன் ஆல்வார்ட் என்ற யூத வெறுப்பாளர், இவை வேண்டுமென்றே ஜெர்மன் சிப்பாயைக் கொல்லச் செய்த துப்பாக்கிகள் என்று துண்டுப்பிரசுரம் போட்டார். இவர் யார் தெரியுமா? பள்ளிப் பணத்தைக் கையாடல் செய்து தலைமையாசிரியர் வேலையை இழந்தவர்! நீதிமன்றம் அவதூறுக்காக ஐந்து மாதச் சிறை விதித்தது. சரி, முடிந்தது என்று நினைக்கிறீர்களா? அதே வருடம் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ரைஃபிளின் குறைகள் குழு போட்ட வடிவத்தில் இருந்தன, அரசுத் தொழிற்சாலைகளில் செய்தவையும் அதே வடிவம்தான். அதை யார் கேட்டார்கள்?

அப்புறம், வாங்குபவர் பார்க்க வேண்டியது எண்கள். பழைய புல்லட் பைக் வாங்குபவர் இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுவாரே, அதேதான். போல்ட், குழல், ரிசீவர் மூன்றிலும் ஒரே எண் இருந்தால் விலை எகிறும். அதிர்ஷ்டம் இருந்தால் படைப்பிரிவின் குறியும் கிடைக்கும். '84. ஆர். 5. 76.' என்று இருந்தால் 84-ஆம் காலாட்படை ரெஜிமென்ட், ஐந்தாவது கம்பெனி, 76-ஆம் ஆயுதம். 76-ஆம் துப்பாக்கியைத் தூக்கிய அந்தப் பையன் யாரோ!

1898-லேயே மவுசரின் புதிய ரைஃபிள் வந்து இதை ஓரங்கட்டிவிட்டது. பத்தே வருடம். ஆனால் இது ஓய்வு பெறவில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மனி இவற்றைத் துருக்கிக்கு அனுப்பியது. துருக்கி 1930-களில் மறுபடி பழுதுபார்த்து வைத்துக்கொண்டது. சீனாவின் ஹன்யாங் தொழிற்சாலையோ இதே மாதிரியை 1895-இலிருந்து 1944 வரை செய்துகொண்டே இருந்தது. ஜெர்மனி பத்து வருடத்தில் ஓரங்கட்டியதைச் சீனா ஜப்பானியருக்கு எதிராக ஏந்தியது!

அமெரிக்காவில் 1898-இலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி, சட்டப்படி 'பழம்பொருள்'. அதனால்தான் அங்கே 1891 என்ற அந்தத் தேதிக்கு இவ்வளவு மவுசு. இந்தியாவில் ஆயுதச் சட்டமே வேறு, ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு என்னைத் தேடாதீர்கள்.

துருக்கி முத்திரை விழுந்தது, ஹன்யாங்கில் செய்தது, எதுவும் மாற்றாமல் ஓட்டையோடு தப்பித்த அசல்: இந்த மூன்றில் உங்களுக்கு எது வேண்டும்? என் ஓட்டு ஹன்யாங்குக்கு. உங்களுடையதைக் கமென்ட்டில் சொல்லுங்கள், சப்ஸ்கிரைப் பட்டனையும் ஒரு தட்டு தட்டிவிடுங்கள்.