1687-ஐ எழுதியது எழுதுகோலே: ஒரு பட்டிமன்ற உரை

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அறிஞர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

"1687-ஆம் ஆண்டின் வரலாற்றை எழுதியது எழுதுகோலா, பீரங்கியா?" என்பது இன்று நம்முன் உள்ள தலைப்பு. எழுதுகோலே என்று வழக்காட நான் வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், அந்த ஓராண்டுக்குள் கோல்கொண்டா வீழ்ந்ததையும், ஏதென்ஸில் பார்த்தனான் கோயில் சிதறியதையும், ஹங்கேரியில் உதுமானியப் படை முறியடிக்கப்பட்டதையும் வரிசையாக எடுத்துக்காட்டிவிட்டு, "இத்தனை முழக்கங்களுக்கு நடுவே லண்டனில் அச்சான ஒரு லத்தீன் நூலை எத்தனை பேர் படித்தார்கள்?" என்று கேட்டு அமர்ந்தார். நியாயமான கேள்வி, அதற்கு விடை சொல்லாமல் நான் அமரப்போவதில்லை. ஆனால் அதற்கு முன், அவர் தம் பக்கத்துக்கு அழைத்து வந்த சாட்சிகளை நான் விசாரிக்க வேண்டும்.

முதல் சாட்சி கோல்கொண்டா. 1686-இல் பீஜப்பூரைப் பிடித்த ஔரங்கசீப், மறு ஆண்டின் தொடக்கத்திலேயே கோல்கொண்டாக் கோட்டையைச் சூழ்ந்துகொண்டார். கோட்டைக்குள் இருந்தவர், தானா ஷா என்று மக்கள் அழைத்த அபுல் ஹசன் குதுப் ஷா. அந்த வம்சத்தின் கடைசி அரசர். அன்றைய இந்தியாவின் மிகப் பெரிய படை, தன் பீரங்கிகள் அனைத்தையும் திரட்டி எட்டு மாதங்கள் அந்த மதில்களைத் தாக்கியது. நடந்தது என்ன? கோட்டையிலிருந்து வந்த குண்டு ஒன்று முகலாயத் தளபதி கிலிச் கானின் கையைச் சிதைத்து, அவர் உயிரையும் குடித்தது. மதிலுக்கு அடியில் முகலாயர் தோண்டி நிரப்பிய வெடிமருந்து பின்னோக்கி வெடித்து, அவர்களுடைய வீரர்களையே மண்ணில் புதைத்தது. மழை கொட்டியது, உணவு அற்றுப்போனது, கொள்ளைநோய் வந்தது, முற்றுகையிட்டவர்களும் முற்றுகைக்குள் இருந்தவர்களும், எந்த அரசருக்கும் ஊழியம் செய்யாத சுற்றுவட்டாரக் குடியானவர்களும் செத்து விழுந்தார்கள். அந்தத் துயரத்தை நான் ஒருபோதும் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் எட்டு மாதங்கள் முழங்கிய பிறகும், படை நுழையும் அளவுக்கு ஒரு வழியைப் பீரங்கியால் திறக்க முடியவில்லை என்பதை எதிரணியினர் ஏன் சொல்லவில்லை? செப்டம்பர் மாதத்தின் ஓர் இரவில், விலைக்கு வாங்கப்பட்ட அப்துல்லா கான் பனி என்ற அதிகாரி உள்ளிருந்து ஒரு சிறு வாயிலைத் திறந்துவிட்டார், கோட்டை வீழ்ந்தது. விலைபோக மறுத்த அப்துர் ரசாக் லாரி என்ற வீரர் உடலெங்கும் வெட்டுக்காயங்களுடன் கடைசிவரை போரிட்டு விழுந்தார். பகைவரான பேரரசரே அவருடைய உயிரைக் காக்க மருத்துவர்களை அனுப்பினார். தானா ஷா தௌலதாபாத் கோட்டையில் சிறை வைக்கப்பட்டு, அங்கேயே இறந்தார்.

சரி, எப்படியோ கோட்டை வீழ்ந்தது, வரைபடம் மாறியது என்று அவர்கள் சொல்லலாம். எத்தனை காலத்துக்கு மாறியது? வென்ற பேரரசர் அதன் பிறகு தம் தலைநகரைக் காணவே இல்லை. அவருடைய படை நம் செஞ்சிக் கோட்டையின் முன் 1690 முதல் 1698 வரை முடங்கிக் கிடந்தது. தக்காணத்திலேயே அலைந்து, 1707-இல் அகமத்நகரில் அவர் இறந்தார். கோல்கொண்டா முற்றுகையில் மாண்ட கிலிச் கானின் பேரர், 1724-இல் அந்தக் கோட்டையை ஒட்டிய ஹைதராபாத்தில் டெல்லியின் பிடியிலிருந்து விலகித் தமக்கென ஓர் ஆட்சியை நிறுவிக்கொண்டார். இத்தனை உயிர்களைக் கொடுத்து முகலாயப் பேரரசுக்காகப் பெற்ற ஊர், நாற்பது ஆண்டுகள்கூட அதன் முழு ஆளுகையில் நிற்கவில்லை.

இரண்டாவது சாட்சி பார்த்தனான். கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் எழுந்து, கோயிலாகவும் தேவாலயமாகவும் பள்ளிவாசலாகவும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்ற அந்தக் கட்டடத்தில் உதுமானியர் வெடிமருந்தைச் சேமித்து வைத்திருந்தார்கள். 1687 செப்டம்பர் 26 அன்று வெனிஸ் தளபதி பிரான்செஸ்கோ மொரோசினியின் படை வீசிய குண்டு அதன் மேல் விழுந்தது. நடுப்பகுதி முழுவதும் சிதறியது. உள்ளே அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள். மேற்கு முகப்பிலிருந்த சிற்பங்களை வெற்றிப் பரிசாகக் கொண்டுபோக மொரோசினி இறக்க முயன்றபோது அவையும் கீழே விழுந்து உடைந்தன. அடுத்த ஆண்டே வெனிஸ் படை ஏதென்ஸைக் கைவிட்டுப் போய்விட்டது. உதுமானியர் திரும்பி வந்தார்கள். இதைத்தான் ஓராண்டின் வரலாற்றை எழுதிய செயல் என்கிறார்களா? வெடிப்புக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், பிரெஞ்சுத் தூதர் நுவாந்தெலுடன் வந்த ஓர் ஓவியர் அந்தச் சிற்பங்களைச் சுண்ணக்கோலால் தாளில் வரைந்து வைத்திருந்தார். குண்டு அழித்த சிற்பங்களில் பலவற்றின் உருவத்தை இன்று நாம் அறிவது அந்தத் தாள்களிலிருந்துதான்.

மூன்றாவது சாட்சி, ஆகஸ்டு 12-இல் ஹங்கேரியின் மொஹாச் அருகே நடந்த போர். இதில் பீரங்கியின் பக்கம் கொஞ்சம் வலு இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் படையை நடத்திய லொரைன் கோமகன் சார்லஸ் உதுமானியப் படையை முறியடித்தார்; தோற்ற படை கலகம் செய்து, முப்பத்தொன்பது ஆண்டுகள் அரியணையில் இருந்த சுல்தான் நான்காம் மெஹ்மத்தை நவம்பரில் இறக்கியது. ஆனால் வென்ற ஹாப்ஸ்பர்க் வம்சத்தார் அதோடு நிறைவடைந்தார்களா? உடனே பிரெஸ்பர்க் நகரில் ஹங்கேரியின் மன்றத்தைக் கூட்டினார்கள். அரசுரிமை தங்கள் ஆண் வாரிசுகளுக்கே உரியது என்றும், 1222-ஆம் ஆண்டுச் சாசனம் பிரபுக்களுக்கு வழங்கியிருந்த, அரசரை எதிர்க்கும் உரிமை இனி இல்லை என்றும் சட்டமாக எழுதி வாங்கினார்கள். டிசம்பரில் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப்புக்கு முடிசூட்டினார்கள். களத்தில் வென்றதைக் காப்பாற்றிக்கொள்ள எழுத்தின் துணை வேண்டும் என்பதை வென்றவர்களே அறிந்திருந்தார்கள், எதிரணியினர்தாம் அறியவில்லை.

இப்போது லண்டனுக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் சொன்ன அந்த லத்தீன் நூல், இயக்க விதிகளையும் ஈர்ப்பு விசையையும் விளக்கும் ஐசக் நியூட்டனின் "பிரின்சிபியா", 1687 ஜூலை 5 அன்று வெளிவந்தது. அந்த நூல் பிறந்த கதையை இந்த அவை கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுவது ஏன் என்ற கேள்விக்கு எட்மண்ட் ஹாலி, ராபர்ட் ஹூக், கிறிஸ்டோபர் ரென் ஆகிய அறிஞர்கள் மூவரும் 1684-இல் விடை தேடிக்கொண்டிருந்தார்கள். நிறுவிக் காட்டுபவருக்கு நாற்பது ஷில்லிங் மதிப்புள்ள நூல் பரிசு என்று ரென் அறிவித்தார். ஹாலி கேம்பிரிட்ஜுக்குப் போய் நியூட்டனைக் கேட்டார். கணக்கிட்டுவிட்டேன் என்றார் நியூட்டன், ஆனால் தாளைக் காணவில்லை. புதிதாக எழுதி அனுப்பிய சில பக்கங்கள், பதினெட்டு மாதங்களுக்கு மேலான கடும் உழைப்பில் மூன்று பாகங்கள் கொண்ட நூலாக வளர்ந்தன. அச்சிடும் பொறுப்பு லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியுடையது. அச்சங்கமோ மீன்களைப் பற்றிய படங்கள் நிறைந்த ஒரு பெருநூலை வெளியிட்டு, அது விற்காமல் கையிருப்பை இழந்திருந்தது. ஆகவே, தாமும் செல்வந்தராக இல்லாத ஹாலி தம் சொந்தப் பணத்தில் நியூட்டனின் நூலை அச்சிட்டார். அவருக்குச் சங்கம் தர வேண்டியிருந்த 50 பவுண்டுக்கு ஈடாக மீன் நூலின் 50 பிரதிகளே கிடைத்தன. இடையில் ஹூக் தமக்கும் பங்குண்டு என்று உரிமை கோரியபோது, சினமுற்ற நியூட்டன் மூன்றாம் பாகத்தையே வெளியிடமாட்டேன் என்றார். கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி அவரை இணங்கவைத்தவரும் ஹாலிதான். தமக்குப் பெயர் வராத ஒரு நூலுக்காக ஒரு மனிதர் இவ்வளவு பாடுபட்டதை நினைக்கும்போது, அந்த ஆண்டின் எந்தத் தளபதியையும் விட அவரே என் கண்ணுக்கு உயர்ந்து தெரிகிறார்.

அறையில் அமர்ந்து எழுதுவது எளிது, அதிகாரத்தின் முன் நிற்பதற்குப் படை வேண்டும் என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் சொன்னார். அதே 1687-இல், ஆல்பன் பிரான்சிஸ் என்ற கத்தோலிக்கத் துறவிக்கு, வழக்கமான உறுதிமொழி இல்லாமலே பட்டம் கொடுக்க வேண்டும் என்று மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு ஆணையிட்டார். பல்கலைக்கழகம் மறுத்தது. மறுத்தவர்களின் சார்பில், கொடுந்தண்டனைகளுக்குப் பேர்போன நீதிபதி ஜெஃப்ரிஸின் முன் போய் நின்ற குழுவில் நியூட்டனும் ஒருவர். துணைவேந்தர் பதவி பறிக்கப்பட்டது. ஆனாலும் அந்தப் பட்டம் வழங்கப்படவில்லை. அந்தக் கோடையில் மன்னரின் படை லண்டனுக்கு அருகே ஹவுன்ஸ்லோ வெளியில் முகாமிட்டு நின்றது. மறு ஆண்டில் ஆபத்து வந்தபோது அதன் அதிகாரிகள் பலர் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். மன்னர் நாட்டை விட்டே ஓடினார். பட்டம் தர மறுத்த பல்கலைக்கழகம் 1689-இல் நியூட்டனைத் தன் பிரதிநிதியாக நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

எத்தனை பேர் படித்தார்கள் என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்கிறேன். மிகச் சிலர்தாம் படித்தார்கள். படித்தவர்களிலும் முழுவதும் விளங்கிக்கொண்டவர்கள் இன்னும் சிலரே. ஆனால் ஒரு நூலின் வலிமையை அது வெளிவந்த ஆண்டில் படித்தவர்களின் தலைகளை எண்ணி அளக்க முடியாது. தென் அமெரிக்காவின் கயென் தீவில் ஊசல் கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் மெதுவாக ஓடியதை 1672-இல் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிப்பைக் கொண்டு, பூமி நடுவில் பருத்துத் துருவங்களில் தட்டையாக இருக்க வேண்டும் என்று நியூட்டன் முடிவு செய்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து பெருவுக்கும் லாப்லாந்துக்கும் அளக்கப் போனவர்கள் அதை உறுதி செய்தார்கள். இன்றைய வடக்கு வியட்நாமாகிய டோங்கின் துறைமுகத்தில் நாளுக்கு ஒரே ஒருமுறை கடல் ஏறி இறங்குவதை அங்கிருந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். அதற்கான காரணத்தையும் அந்த நூல் சொன்னது. அதன் முறையைக் கொண்டு, 1682-இல் தோன்றிய வால்மீன் மீண்டும் 1758-இல் வரும் என்று ஹாலி கணித்தார். ஹாலி 1742-இல் இறந்தார். வால்மீன் 1758 டிசம்பரில் வந்தது. அந்தத் தகவல்களைக் கொண்டுவந்த கப்பல்களில் பீரங்கியும் இருந்தது என்று எதிரணியினர் அடுத்துச் சொல்வார்கள். இருந்தது, ஆனால் அலை ஏறிய நேரத்தைக் கண்டு குறித்து வைத்தது கையும் தாளும்தான்.

கப்பல் என்றதும் 1687-இல் பிரான்ஸிலிருந்து இன்றைய தாய்லாந்தாகிய சியாமுக்குப் புறப்பட்ட கப்பல்களைச் சொல்லாமல் போக முடியாது. அவற்றில் மன்னர் பதினான்காம் லூயி அனுப்பிய சில நூறு படைவீரர்களும் இருந்தார்கள், லா லூபேர் என்ற தூதரும் இருந்தார். பாங்காக் கோட்டையில் இறங்கிய படையை மறு ஆண்டில் எழுந்த கிளர்ச்சி விரட்டியது. எஞ்சியவர்கள் நம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்கள். தூதரோ சூரியனுடைய, சந்திரனுடைய இடங்களைக் கணக்கிடும் ஒரு சியாமியக் கையெழுத்துச் சுவடியுடன் ஊர் திரும்பினார். பாரிஸ் வானியலாளர் கசினி அதன் எண்களைப் படித்து, அந்தக் கணக்கு முறையை ஐரோப்பாவுக்கு விளக்கினார். அந்த முறையின் வேர் இந்திய வானியலில் இருந்தது. ஒரே பயணத்தில் படையும் போனது, எழுத்தும் போனது. எது பயனளித்தது என்பதைத் தீர்மானிக்க இதைவிடத் தெளிவான சோதனை வேண்டுமா?

கடைசியாக நம் சென்னைக்கு வருகிறேன். கோல்கொண்டா வீழ்ந்ததும் புனித ஜார்ஜ் கோட்டை சூழ்ந்த பகுதிக்கு மேலாண்மை முகலாயரிடம் போனது; கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் வாடகையைப் புதிய இடத்துக்குச் செலுத்தத் தொடங்கினார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள், டிசம்பர் 30 அன்று, லண்டனில் ஒரு சாசனம் எழுதப்பட்டது. மதராஸுக்கு ஒரு மேயரும், ஆல்டர்மன்கள் எனப்பட்ட மூத்த உறுப்பினர்களும், அறுபது நகரப் பிரதிநிதிகளும் கொண்ட மாநகராட்சி வேண்டும் என்றது அது. அதன் நோக்கம் உயர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஊர் மக்களிடம் வரி தண்ட எளிய வழி என்றுதான் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜோசையா சைல்ட் அதை விரும்பினார். ஆயினும் கோட்டைக்கு வெளியே இந்தியர் வாழ்ந்த கருப்பர் நகரத்து மக்களையும் அந்த மன்றத்தில் அமர்த்த வேண்டியிருந்தது. 1688 செப்டம்பர் 29-இல் அது கூடியது. பின்னாளில் 1746-இல் பிரெஞ்சுப் பீரங்கிகள் அதே புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தன. 1748-இல் ஐரோப்பாவில் கையெழுத்தான ஓர் உடன்படிக்கை அதைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. ஔரங்கசீப்பின் மேலாண்மை போயிற்று, கம்பெனி போயிற்று, பிரிட்டிஷ் அரசும் போயிற்று. அந்தச் சாசனம் தொடங்கி வைத்த மாநகராட்சி, 200 வார்டுகளுடன், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களுடன் இன்று ரிப்பன் மாளிகையில் இயங்கிக்கொண்டிருக்கிறது. 1687-இல் முழங்கிய பீரங்கிகளில் ஒன்றாவது இன்றும் செய்துகொண்டிருக்கும் வேலையை எதிரணியினர் தங்கள் அடுத்த உரையில் இந்த அவைக்குக் காட்டட்டும். நன்றி, வணக்கம்.