உருக்கம்

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்: உருக்கம்.

செய்தித்தாளைப் பிரித்தால் இது கண்ணில் படாத நாள் குறைவு. உருக்கமான வேண்டுகோள், உருக்கமான பேட்டி. படித்துவிட்டு அப்படியே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம், காபிகூட ஆறுவதில்லை.

சொல்லின் பிறப்பிடம் அடுப்படி. வாணலியில் வெண்ணெய் உருகும்போது சடசடவென்று ஒரே சத்தம். நீர் வற்ற வற்றச் சத்தம் அடங்கி, மணம் எழும்பும். அப்போது அம்மா ஒரு கொத்து முருங்கை இலையைப் போட்டு இறக்குவார். வெண்ணெய் உருகுகிறது, அம்மா உருக்குகிறார். ஒன்று தன்வினை, மற்றது பிறவினை. காசநோய்க்கு எலும்புருக்கி என்று பெயர் வைத்தவர்களும் இந்தப் பிறவினையைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

பெருகு என்பதிலிருந்து பெருக்கம், இரங்கு என்பதிலிருந்து இரக்கம், உருகு என்பதிலிருந்து உருக்கம். அப்படியானால் முதலில் உருக வேண்டியவர் யார்? சொல்கிறவர்தானே! 'திருவாசகத்துக்கு உருகார் ஒரு வாசகத்துக்கும் உருகார்' என்று கேட்பவரைத்தான் குறை சொல்கிறோம். மாணிக்கவாசகர் உருகியதால் வந்த பாட்டு அது என்பதை மறந்துவிடுகிறோம். இன்றைய மேடைகளில் பெரும்பாலும் நடப்பது உருகுவதல்ல, உருக்குவது. மக்களுக்கு இது தெரியும். 'என்னமா உருகி உருகிப் பேசினான்' என்று ஒருவர் சொன்னால், வந்தவன் கடன் கேட்டிருப்பான் என்று வைத்துக்கொள்ளலாம்.

சின்ன வயதில் எதிர்வீட்டுப் பாட்டிக்கு நான்தான் கடிதம் எழுதித் தருவேன். மகன் பம்பாயில் வேலையில் இருந்தார். ஒருமுறை, "நல்லா உருக்கமா நாலு வரி எழுதுடா" என்றார். எனக்குக் கை துறுதுறுத்தது. 'உன்னைக் காணாத கண்கள் கண்ணீர்க் குளமாகி' என்று ஆரம்பித்து, இன்லண்ட் லெட்டரில் பாதியை நிரப்பிவிட்டுப் படித்துக் காட்டினேன். பாட்டி வெற்றிலையை மென்றபடி கேட்டார்.

"இதெல்லாம் யாருடா சொன்னா? அடிச்சிட்டு நான் சொல்றதை எழுது."

அடித்துவிட்டு எழுதினேன்: 'செவலை கன்று போட்டிருக்கு. சீம்பால் காய்ச்சினேன். உனக்குன்னு ஒரு கிண்ணம் எடுத்துவச்சிட்டேன், அப்புறம்தான் நீ ஊரில் இல்லைன்னு ஞாபகம் வந்தது.'