ஒன்பதுக்கு ஒன்பது வெற்றி, ஆனால் அழைப்பு வரவில்லை: சான்பிரான்சிஸ்கோ 'டான்ஸ்' (Dons) அணி, 1951

வணக்கம். ஒரு கல்லூரி அணி ஒன்பது ஆட்டம் ஆடுகிறது, ஒன்பதிலும் ஜெயிக்கிறது. அடுத்த வருஷம் அந்த அணியே கிடையாது. என்னதான் நடந்தது?

(திரையில்: முட்டை வடிவப் பந்து)

நாம் தெருவில் உதைத்து ஆடும் கால்பந்து இல்லை இது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, மோத வருகிறவர்களுக்கு நடுவே ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து.

சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் இயேசு சபையினர் நடத்துவது, சின்னது. அதன் அணிக்குப் பெயர் 'டான்ஸ்'. 1951-இல் அந்த அணியின் பயிற்சியாளர் ஜோ குஹாரிச். நட்சத்திர வீரர் ஆலி மாட்சன். நியூயார்க்கில் ஃபோர்டம் அணியோடு ஆடியபோது, எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து, கிட்டத்தட்ட மைதானத்தின் முழு நீளத்தையும் ஓடியே கடந்தார். அதே ஆட்டத்தில் இன்னொரு தடவையும்! 32–26 என்று வெற்றி. சீசன் முடிந்தபோது மாட்சன் கணக்கில் பந்தோடு ஓடிய தூரம் 1,566 யார்டு, 21 டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துப் புள்ளி எடுப்பது). அந்த வருஷம் நாட்டிலேயே அவரைவிட அதிகம் ஓடிய கல்லூரி வீரர் இல்லை.

(திரையில்: அமெரிக்க வரைபடம், தென் மாநிலங்கள்)

சரி, பரிசு என்ன? அப்போது அரையிறுதி, இறுதி என்றெல்லாம் கிடையாது. புத்தாண்டையொட்டி 'பௌல்' ஆட்டங்கள் நடக்கும். ஏற்பாட்டாளர்கள் யாரைக் கூப்பிடுகிறார்களோ அவர்கள்தான் ஆடலாம். ஆரஞ்சு, சுகர், கேட்டர் என்ற பௌல் ஆட்டங்கள் எல்லாமே தெற்கில். அங்கே நிறப்பாகுபாடுதான் சட்டம். டான்ஸ் அணியில் மாட்சனும் பர்ல் டோலரும் கறுப்பின வீரர்கள். அவர்களை விட்டுவிட்டு வந்தால் பார்க்கலாம் என்று தகவல் வந்தது. அணி மறுத்துவிட்டது. அத்தோடு சீசன் முடிந்தது.

பௌல் ஆட்டத்தில் கிடைக்கும் பணம் வந்திருந்தால் அணி பிழைத்திருக்கும் என்பார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கல்லூரிக்குக் கால்பந்தால் பெரிய நஷ்டம், அதனால்தான் அணியைக் கலைத்தது. அவர்கள் கடைசியாகத் தோற்கடித்த லயோலா என்ற கல்லூரியும் அதே சீசனோடு ஆட்டத்தை நிறுத்தியது. ஆனால் அந்தப் பணம் கைக்கு வராமல் போனதற்குக் காரணம் நிறம்தான், அதில் சந்தேகமே இல்லை.

வீரர்கள்? அணியின் பாப் செயின்ட் கிளேர் கடைசி வருஷம் ஆட டல்சா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். மாட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். இவர்கள் இருவரும் அதே அணியின் ஜினோ மார்ச்செட்டியும் தொழில்முறைக் கால்பந்தின் 'ஹால் ஆஃப் ஃபேம்' என்ற புகழ்பெற்றோர் பட்டியலில் இடம்பிடித்தார்கள். ஒரே கல்லூரி அணியிலிருந்து மூன்று பேர்!

டோலருக்கு 1952-இல் முழங்கால் போய்விட்டது, ஆட்டம் அத்தோடு சரி. ஆசிரியரானார். அப்புறம் 1965-இல் அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீகான என்எஃப்எல் அவரை நடுவராக எடுத்தது. அந்த லீகின் முதல் கறுப்பின நடுவர் அவர். அப்போது லீகின் கமிஷனர், அதாவது தலைமை நிர்வாகி, பீட் ரோசெல். 1951-இல் டான்ஸ் அணிக்காகப் பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர்தான்.