நாளைய மொராக்கோவில் அவர்களும் இருக்கட்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "வட ஆப்பிரிக்கா தன் எதிர்காலத்தைக் கனவு காண ஆஃப்ரோஃபியூச்சரிசம் உதவுமா?" என்பது தலைப்பு. உதவும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "அது அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் கலைப்போக்கு. 1993இல் மார்க் டெரி என்ற அமெரிக்க விமர்சகர் வைத்த பெயர். அரபும், அமாஸிக் என்னும் பூர்வகுடி மொழியும் பேசுகிற மொராக்கோவுக்கு அது எதற்கு?"

சரி, பெயர் அமெரிக்காவில் பிறந்ததுதான். வலி மொராக்கோவிலும் இருக்கிறதே ஐயா! சகாராவைத் தாண்டி அடிமைகளாக ஓட்டிவரப்பட்டவர்களின் வழிவந்த கலை க்னாவா. மூன்று தந்திக் கெம்பிரியை மீட்டி, இரும்புத் தாளங்களைத் தட்டி, விடிய விடியப் பாடுவார்கள். அந்த இரும்பொலியில் கால்விலங்கின் ஓசை கேட்கிறது என்பார்கள். 2019இல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, மகிழ்ச்சி. ஆனால் மேடையில் கைதட்டல் வாங்குகிற அந்தக் கறுத்த முகத்தை நாளைய மொராக்கோவின் படத்தில் எத்தனை பேர் வரைகிறோம்? கடந்த காலத்தைப் பறிகொடுத்தவர்கள் எதிர்காலத்தில் தங்கள் இடத்தைத் தாங்களே வரைந்துகொள்வதைத்தான் ஆஃப்ரோஃபியூச்சரிசம் என்கிறோம்.

மொராக்கோ வேறு, ஆப்பிரிக்கா வேறு என்பது போலவும் பேசினார்கள். 2011 அரசியலமைப்புச் சட்டத்தின் முகவுரையைப் பாருங்கள். நாட்டின் அடையாளத்தை வளப்படுத்திய ஊற்றுகளை எண்ணும்போது ஆப்பிரிக்காவைத்தான் முதலில் எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம், எதிரணித் தங்கை மொராக்கோவின் வார்சசாத் நகரைக் காட்டினார். "580 மெகாவாட் நூர் சூரிய மின்நிலையம் இருக்கிறது, இனிக் கற்பனை எதற்கு?" என்றார். மின்சாரம் வரும் தங்கையே. அந்த வெளிச்சத்தில் யார் உட்கார்ந்து படிப்பார்கள் என்பதை அங்கே வெயிலை வாங்கும் கண்ணாடிகள் சொல்லாது.

அங்கிருந்து கிழக்கே தாஃபிலால்த் என்னும் பாலைவனச் சோலைப் பகுதிக்குப் போங்கள். கெத்தாரா என்ற சுரங்க வாய்க்கால்கள் இருக்கின்றன. மோட்டார் கிடையாது. நிலத்தின் சரிவை மட்டும் நம்பி, நிலத்தடி நீரைக் கிலோமீட்டர் கணக்கில் பூமிக்கடியிலேயே நடத்தி, பேரீச்சந் தோட்டத்தில் கொண்டுவந்து விட்ட பொறியியல் அது! அந்தச் சோலைகளில் பாடுபட்டவர்கள் ஹராத்தீன் என்னும் கறுத்த உழவர்கள். பம்புசெட் வந்து நீர்மட்டம் இறங்கியதும் பல கெத்தாராக்கள் வறண்டுவிட்டன.

நான் காணும் கனவு இதுதான். 2100ஆம் ஆண்டு. ஒரு ஹராத்தீன் வீட்டுப் பெண் பொறியாளர். பாட்டன் தோண்டிய கெத்தாராவில் மறுபடி தண்ணீர் ஓட வைக்கிறாள். தன் வரைபடத்தில் அமாஸிக் மொழியின் திஃபினாக் எழுத்தில் கையெழுத்திடுகிறாள். வீட்டில் கெம்பிரி ஒலிக்கிறது. மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. அந்தப் பெண்ணுக்காகத் தீர்ப்புக் கேட்டு அமர்கிறேன்.