கிராப்பு வைத்த எங்கள் தாத்தாக்கள்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பழைய ரப்பர் தோட்டத்துப் படங்களைக் காட்சிக்கு வைத்த நாளில் பேசியது)

அவையோருக்கு வணக்கம்.

சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த ஆண்கள் அழகாக இருக்கிறார்கள்.

ஒரு பெண் மேடையேறிச் சொல்கிற பேச்சா இது என்று பெரியவர்கள் நினைக்கலாம். சொல்லத்தான் வேண்டும் ஐயா. தோட்டத்துப் படம் என்றாலே நம் வாயில் முதலில் வருவது 'பாவம்' என்ற சொல்.

இடது ஓரத்தில் கோட்டு போட்டு நிற்பவர் என் பாட்டியின் அண்ணன். பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். கோட்டு ஸ்டூடியோக்காரருடையது, கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. ஆனால் அந்தத் தோளைப் பாருங்கள்! விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், மரம் மரமாகக் குனிந்து நிமிர்ந்து, பால் வாளிகளைக் கம்பில் மாட்டிச் சுமந்த தோள். கோட்டுக்குள் அடங்கவில்லை. தலையில் பாகவதர் கிராப்பு. தியாகராஜ பாகவதரைப்போல் முடியைப் பின்னுக்கு வாரிவிட்டு, எண்ணெய் மினுங்க, கேமராவை நேராகப் பார்க்கிறார்.

1942, 43இல் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு ரயில் பாதை போட, அப்போது மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோனார்கள். இவரும் போனார். திரும்பவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் இந்தப் படத்துக்கு முன்னால் பெருமூச்சு விடுவார்கள். பாட்டி விடமாட்டார். வெள்ளிக்கிழமை துடைத்துப் பூ வைத்துவிட்டு, "என்னா எடுப்பு பாரு எங்கண்ணனுக்கு!" என்பார். சயாமைப் பற்றி நாங்கள் கேட்டால்தான் வாய் திறப்பார். அழகைப் பற்றி யாரும் கேட்கவே வேண்டாம்.

பிள்ளைகள் சிலர் "ஏன் இவ்வளவு கறுப்பு?" என்று கேட்டார்கள். அந்தக் காலத்தில் பரவலாகப் புழங்கிய ஒருவகைத் தகட்டுக்கும் பிலிமுக்கும் சிவப்பு தெரியாது. நம் மாநிறத்தில் கலந்திருக்கும் செம்மை அதில் கருமையாக விழும். உதடும் அப்படித்தான். அதனால்தான் கண்ணின் வெள்ளை அப்படிப் பளிச்சென்று தெரிகிறது. கறுப்பைக் குறையென்று நான் சொல்லவில்லை. கையால் வண்ணம் தீட்டிய படங்கள் சில இங்கே இருக்கின்றன. கன்னத்தில் ரோஸ் பூசி, முகத்தை வெளுக்க வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தால்தான் எனக்கு மனம் வலிக்கிறது. அந்த முகத்துக்கு அது தேவையே இல்லை.

அடுத்து என் தாத்தா. இவருக்கு இரண்டு படங்கள். 1948இல் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை ஒடுக்க ஆங்கிலேயர் மலாயாவில் அவசரகாலம் அறிவித்த பிறகு, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் படமும் கைரேகையும் கொடுத்து அடையாளக் கார்டு எடுக்க வேண்டியிருந்தது. முதல் படம் அதற்காக எடுத்தது. தலையும் கழுத்தும் மட்டும். மற்றதைத் தன் சம்பளத்தில் தானே போய் எடுத்துக்கொண்டார். நாற்காலிமேல் கையை ஊன்றி, கடிகாரம் தெரிகிற மாதிரி மணிக்கட்டைத் திருப்பியிருக்கிறார். நகத்தைப் பாருங்கள், பால் கறை கறுத்துக் கிடக்கிறது. மறைக்கவில்லை. மீசை நுனியை அப்போதுதான் முறுக்கியிருக்க வேண்டும். தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவரே நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

ஒரு வேண்டுகோள். நம் ஊர் ஈரத்தில் பழைய படங்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். தண்ணீர் தொட்டும் துடைக்க வேண்டாம். சட்டத்தோடு அப்படியே எடுத்து வாருங்கள், கண்ணாடி வழியாகவே பிரதி எடுத்துக்கொள்ளலாம். வலது சுவரில் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.