அக்காவின் டெஸ்க்டாப்பில் 143 ஐகான்கள்: ஃபென்சஸ் நிறுவி, பதிவு செய்து, அடுக்கி வைத்த கதை

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்குத் திரையில் தெரிவது என் லேப்டாப் இல்லை, அக்காவுடையது. அக்கா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். நேற்று ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், டெஸ்க்டாப்பில் மட்டும் 143 ஐகான்கள். இதோ இந்த மூலையில் பாருங்கள், 'வினாத்தாள் புதியது', பக்கத்திலேயே 'வினாத்தாள் புதியது கடைசி', அதற்குக் கீழே 'வினாத்தாள் கடைசி சரியானது'. இதில் எது சரியானது என்று அக்காவுக்கே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

அக்காவை அதைவிட அதிகம் படுத்துவது ஸ்மார்ட் கிளாஸ் பிரொஜெக்டர். ஒயரைச் செருகியதும் திரையின் ரெசல்யூஷன் குறைகிறது, இருக்கிற ஐகான்களை அந்தச் சின்ன இடத்துக்குள் விண்டோஸ் நெருக்கி அடுக்குகிறது, ஒயரைக் கழற்றினால் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு கோப்பை ஐந்து நிமிஷம் தேடுவது எவ்வளவு பெரிய அவஸ்தை என்று நினைத்துப் பாருங்கள். அதற்காகத்தான் இந்த வீடியோ.

மென்பொருளைப் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஐகானின் இடது கீழ் மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட், வழிகாட்டிப் பலகை மாதிரி. அதை அழித்தால் புரோகிராம் அழியாது. அம்புக்குறி இல்லாதது உண்மையான கோப்பு, அதில் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள். அக்காவின் 143-ல் 51 ஷார்ட்கட்கள், அதில் பாதிக்கு மேல் மென்பொருள்கள் தாங்களாகவே கொண்டுவந்து போட்டவை. அவற்றை நீக்கியதுமே திரை கொஞ்சம் மூச்சு விடுகிறது. சிலவற்றை அழிக்கும்போது அட்மின் அனுமதி கேட்கும், பயப்பட வேண்டாம். நாம் பார்க்கிற டெஸ்க்டாப் இரண்டு ஃபோல்டர்கள் சேர்ந்தது, ஒன்று உங்களுடையது, இன்னொன்று அந்தக் கணினியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொதுவானது, பொதுவில் கை வைத்தால்தான் கேட்கும்.

சரி, இப்போது ஃபென்சஸ். டெஸ்க்டாப் ஐகான்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அடுக்கி வைக்க உதவும் இது, அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கிற ஸ்டார்டாக் என்ற நிறுவனத்தின் மென்பொருள், 2009-ல் வந்தது. அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இறங்கிய கோப்பின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அதில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்று ஒரு டேப் வரும், திறந்தால் ஸ்டார்டாக் பெயர் இருக்க வேண்டும். அந்த டேப்பே இல்லையென்றால் அந்தக் கோப்பைத் தொடாதீர்கள், அழித்துவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கல்லூரிக் கடைசி வருஷத்தில் யாரோ கொடுத்த பென் டிரைவிலிருந்து ஒரு கிராக் மென்பொருளை, அதாவது காசு கட்டாமல் ஓட்டுவதற்காகப் பூட்டை உடைத்த பிரதியை, போட்டேன். மறுநாள் காலையில் என் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்களாக மாறியிருந்தன, அதே பெயர்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் அந்த அம்புக்குறி. அந்த வைரஸ் உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும், கிளிக் செய்தால் இன்னும் பரவும். கோப்புகள் உள்ளேதான் இருந்தன என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது, பதறிப்போய் ஃபார்மட் அடித்தேன், புராஜெக்ட் ரிப்போர்ட்டோடு இரண்டு வார வேலை போய்விட்டது. அன்றிலிருந்து கிராக் பக்கமே போவதில்லை.

நிறுவுவது சுலபம். டபுள் கிளிக், அனுமதி கேட்கும் பெட்டியிலும் அதே பெயர்தானா என்று பார்த்துவிட்டு யெஸ், அப்புறம் ஒப்பந்தத்துக்குச் சம்மதம், முடிந்தது. 30 நாள் டிரையலைத் தேர்ந்தெடுத்தால் மின்னஞ்சல் கேட்கும், கொடுத்ததும் ஒரு லிங்க் வரும், அதை அழுத்த வேண்டும். இன்பாக்ஸில் காணவில்லையென்றால் ஸ்பாமைப் பாருங்கள், அக்காவுக்கு அங்கேதான் வந்து கிடந்தது.

பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பிடித்தால் காசு கொடு என்கிற இந்த முறைக்குத்தான் ஷேர்வேர் என்று பெயர். 1982-ல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் பிசி டாக் என்ற மென்பொருளையும், ஜிம் நாஃப் பிசி ஃபைலையும் இப்படித்தான் நம்பிக் கொடுத்தார்கள், நண்பர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுங்கள், உபயோகமாக இருந்தால் பணம் அனுப்புங்கள் என்று. அடுத்த வருஷம் பாப் வாலஸ் பிசி ரைட்டை விட்டபோது, நீங்கள் கொடுத்த பிரதியை இன்னொருவர் பதிவு செய்தால் உங்களுக்கும் கமிஷன் உண்டு என்றார். ஐகான் அடுக்கும் ஷேர்வேரும் புதிதில்லை. விண்டோஸ் 3.1-ல் புரோகிராம் மேனேஜர் என்று ஒன்று இருந்தது, ஒரு குரூப்பில் 50 ஐகான்கள்தான் வைக்கலாம், குரூப்புக்குள் இன்னொரு குரூப் வைக்க முடியாது. அந்தக் குறையைத் தீர்க்கவே தனி ஆட்கள் சின்னச் சின்ன மென்பொருள்கள் எழுதினார்கள். படிவத்தைப் பிரிண்ட் எடுத்து, காசோலையோடு தபாலில் போட்டு, பதிவு எண்ணுக்காக நாள் கணக்கில் காத்திருந்தார்கள். நமக்கு அந்த எண் மின்னஞ்சலில் வந்துவிடுகிறது, நாமும் காசு கொடுத்துவிட்டுப் பயன்படுத்தலாமே.

வாங்கும்போது இரண்டு விஷயம். ஆண்டுச் சந்தாவா, ஒரே தடவைக் கட்டணமா என்று படித்துவிட்டு அழுத்துங்கள். இன்னொன்று, டாலரில் கட்டுவதால் உங்கள் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்க வேண்டும், பெரும்பாலும் அது மூடியேதான் இருக்கும், வங்கியின் செயலியில் திறந்து, பணம் போனதும் திரும்ப மூடிவிடுங்கள். வருகிற சாவி எண்ணைக் கையால் தட்டாமல் காப்பி பேஸ்ட் செய்யுங்கள், வாங்கியபோது கொடுத்த அதே மின்னஞ்சலைக் கொடுங்கள். அக்கா அந்த எண்ணை டைரியிலும் எழுதி வைத்திருக்கிறாள், ரொம்ப நல்ல பழக்கம்.

இப்போது பாருங்கள். காலி இடத்தில் ரைட் பட்டனை அழுத்திப் பிடித்து ஒரு கட்டம் இழுக்கிறேன், விட்டதும் புதிய ஃபென்ஸ் வேண்டுமா என்று கேட்கிறது, வேண்டும். பெயர் 'பத்தாம் வகுப்பு'. வினாத்தாள்களை உள்ளே இழுத்துவிடுகிறேன். கோப்புகள் வேறு எங்கும் போகவில்லை, அதே டெஸ்க்டாப் ஃபோல்டரில்தான் இருக்கின்றன, சுற்றி வேலி மட்டும்தான் போட்டிருக்கிறோம். அதனால் நாளைக்கே மென்பொருளை நீக்கினாலும் கோப்புக்கு ஒன்றும் ஆகாது.

காலி இடத்தில் டபுள் கிளிக். எல்லாம் மறைந்துவிட்டது, வால்பேப்பர் மட்டும். இன்னொரு தடவை டபுள் கிளிக், எல்லாம் வந்துவிட்டது. வகுப்பில் பாடம் நடத்தும்போது மார்க் லிஸ்ட் எல்லோர் கண்ணிலும் படாமல் இருக்க அக்காவுக்கு இது போதும்.

எல்லாம் அடுக்கி முடித்ததும் செட்டிங்ஸில் ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்து வைக்கிறேன், 'பள்ளி' என்று பெயர். ஐகான்கள் எப்போது கலைந்தாலும் அதைத் தேர்ந்தெடுத்தால் இதே அடுக்கு திரும்பி வரும். இதோ மானிட்டர் ஒயரைச் செருகுகிறேன், ரெசல்யூஷன் மாறுகிறது, கழற்றுகிறேன். 'பத்தாம் வகுப்பு' போட்ட இடத்திலேயே இருக்கிறது. அக்கா, ஒரு நிமிஷம் இங்கே வந்து பார்.